மத்தியானத் தெரு

ஏழு வருடம் கழித்து வந்திறங்கிய அப்பாவின் கையை ஓடிப்போய்ப் பிடித்த வேகத்திலேயே இனியா விட்டுவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குதும்மா."

பேருந்து நிறுத்தத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூமிராஜ் சிரித்தான். "காய்ச்சல் இல்லடா தங்கம். அப்பாவுக்கு எப்பவும் இப்படித்தான்." சொல்லிவிட்டு அந்தக் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். ஆவணி மாத வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் முழுக்கைச் சட்டைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையும் போட்டிருந்தான்.

காளீஸ்வரிக்கு இது தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும், பெட்டியைத் தூக்கிவிடும்போது அவன் முழங்கை அவள் மேல் பட்டதும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் பட்டதுபோல உடம்பு தானாக ஒதுங்கியது.

அந்த வளைகுடா நாட்டில் கோடைக்கால மத்தியானம் நூற்று முப்பது டிகிரியைத் தொடும். சாதாரண உடம்போடு அரை மணி நேரம் வெளியே நின்றால் ஆள் விழுந்துவிடுவான். அப்படி விழுந்தவர்களை மூடிமறைக்க முடியாமல் போன பிறகுதான், சூட்டு ஊசி போடாதவர்களை வெளி வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. மூன்று ஊசி, மூன்று வாரம் சூட்டு அறையில் வாசம். மற்றவர்களுக்கு உடம்புச் சூடு தொண்ணூற்றெட்டரை என்றால் ஊசி போட்டவர்களுக்கு நூற்று மூன்றரை. அதுதான் அவர்களுக்கு இயல்பு. ஊசி போட்டவர்களுக்கு நடுவில் விடுப்பு கிடையாது. குளிர்ந்த ஊருக்கு வந்தால் உடம்பு குழம்பிப் போகும் என்பார்கள்.

"ஃபிரிட்ஜ்ல நம்பரைத் திருப்பி வைக்கிறோம்ல, அந்த மாதிரிதான்மா" என்று, அவனுக்கு ஊசி போட்ட ராமநாதபுரம் கிளினிக்கில் ஷர்மிளா பானு சிஸ்டர் அப்போது விளக்கியிருந்தாள். "திரும்பி வரும்போது மாற்று ஊசி இருக்கு. பழைய நம்பருக்கே கொண்டுவந்துரலாம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் காளீஸ்வரி அதைத்தான் முதலில் கேட்டாள்.

"மாற்று ஊசி போட்டாச்சா மச்சான்?"

"அங்கனயே போட்டுத்தான் அனுப்புனாக. மெல்ல மெல்லத்தான் எறங்குமாம். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

அவள் நம்பினாள். மறுநாள் காலையிலேயே மருந்துக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள்.

*

காளீஸ்வரிக்கு இறால் கம்பெனியில் வேலை. சாயல்குடி சாலையில் அவள் ஊரான கருவேலம்பட்டியிலிருந்து பதினொரு கிலோமீட்டர். உள்ளே எந்நேரமும் ஏசி. ஐஸ் தண்ணீரில் கையை விட்டு விட்டு இறாலை உரிக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் உரிக்கிற மேசையில் சேர்ந்தவள், இப்போது நாற்பது பெண்களுக்கு சூப்பர்வைசர். நின்றுகொண்டே எட்டு மணி நேரம் உரிக்க முடியாது, ஸ்டூல் போடு என்று மேனேஜரிடம் சண்டை பிடித்து வாங்கியவள் அவள்தான். அந்த ஸ்டூலுக்குப் பெண்கள் காளி ஸ்டூல் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்து வரும்போது அவள் விரல்கள் விறைத்துப்போய் இருக்கும். முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அவள் விரல்களை மடக்கி விரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பூமிராஜ் அவள் இரண்டு கைகளையும் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டான். எலும்பு வரைக்கும் அந்தச் சூடு இறங்கியது. அவளுக்கு ஏனோ கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஒத்தடம் குடுக்க ஆள் வந்துட்டேன்ல" என்றான்.

அப்புறம் தினமும் சாயங்காலம் அது வழக்கமாயிற்று. ஆனால் படுக்கை ஒன்றாக இருக்க முடியவில்லை. அவன் பக்கத்தில் படுத்தால் அவளுக்குத் தலை முதல் கால் வரை வேர்த்துக் கொட்டியது. அவனுக்கோ மின்விசிறி சுற்றினால் பல் கிட்டியது. நாலாம் நாள் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனான். பகல் முழுக்க வெயில் காய்ந்த தகரம் அது. அங்கேதான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

தெர்மாமீட்டர் தினமும் காலையில் ஒரே எண்ணைக் காட்டியது. நூற்று மூன்று புள்ளி ஆறு.

"எறங்கவே இல்லையே மச்சான்."

"எறங்கும் புள்ள. என்ன அவசரம்?"

சும்மா இருக்க முடியாமல் அவன் கருணாகரனின் கரிமூட்டத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான். கருவேல விறகைக் குவித்து மண்ணால் மூடி உள்ளுக்குள் புகையவிட்டுக் கரியாக்குகிற இடம். மூட்டம் ஆற ஐந்தாறு நாள் காத்திருந்துதான் மற்றவர்கள் பிரிப்பார்கள். பூமிராஜ் மூன்றாம் நாளே பிரித்தான். தணலுக்குப் பக்கத்தில் அவன் நிற்கிற மாதிரி வேறு யாரும் நிற்க முடியவில்லை. கருணாகரனுக்குக் கொண்டாட்டம். பூமிராஜைவிட எட்டு வயது இளையவன் அவன்.

"டேய் பூமி, உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா நான் மிஷினே வாங்க வேண்டாம்டா" என்று, சாப்பாடு கொண்டுபோன காளீஸ்வரிக்கு முன்னாலேயே சொன்னான்.

பூமிராஜ் தலையை ஆட்டினான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். ஏழு வருடத்துக்கு முன்னாலும் கருணாகரனின் அப்பாவுக்கு முன்னால் அவன் இப்படித்தான் செய்வான். காளீஸ்வரி சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

*

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாத மழை. கரிமூட்டம் நின்றுபோனது. தகரக் கொட்டகை ஐஸ் பெட்டிபோல ஆயிற்று. இரண்டு போர்வை, கம்பளிச் சட்டை, காலுறை எல்லாம் போட்டும் பூமிராஜ் நடுங்கிக்கொண்டே இருந்தான். ஐந்தாம் நாள் காலையில் காப்பியோடு போனவள், அவன் நடுங்கவில்லை என்பதைப் பார்த்தாள். முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு கூப்பிட்டுப் பார்த்தாள். கண்ணைத் திறந்தான். யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். வாய் குழறியது.

அவன் நெற்றியைத் தொட்டாள். வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவன் உடம்பு அவள் உடம்பைப் போலவே இருந்தது.

ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பணியில் இருந்தது ஓர் இளம்பெண் டாக்டர். முந்தின நாள் முழுக்கத் தூங்காத கண்கள். தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. நார்மல்தாம்மா. சளி, காய்ச்சல் ஒண்ணும் இல்ல. குடிப்பாரா?"

"குடிக்க மாட்டாரு. டாக்டர், இவரு சூட்டு ஊசி போட்டவரு."

"என்ன ஊசி?"

"வெளிநாட்டுக்குப் போறவுகளுக்குப் போடுவாகள்ல. இவருக்கு நூத்தி மூணரைதான் டாக்டர் நார்மல். தொண்ணூத்தெட்டுன்னா அஞ்சு டிகிரி கொறைஞ்சு கெடக்கு."

டாக்டர் அட்டையில் எழுதிக்கொண்டே, "அதெல்லாம் அங்க போட்டதும்மா. இப்ப நார்மலுக்கு வந்துட்டாருன்னு அர்த்தம். ஒரு குளுக்கோஸ் போடச் சொல்றேன்" என்றாள்.

அடுத்த நோயாளியைப் பார்க்கத் திரும்பியவளின் முழங்கையைக் காளீஸ்வரி பிடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க படிச்சவுக. நான் எறா உரிக்கிறவ. ஆனா மூணு மாசமா தெனம் காலையில இவருக்குச் சூடு பாக்குறது நான். இவரு நார்மலா இருந்தாச் செத்துப்போவாரு. நாடியையாவது ஒருதடவ பிடிச்சுப் பாருங்க."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து நாடியைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. "முப்பத்தெட்டு" என்று தனக்குள் சொன்னாள்.

காளீஸ்வரி அதற்குள் ராமநாதபுரம் கிளினிக்குக்கு ஃபோன் போட்டு டாக்டரின் காதில் வைத்துவிட்டாள். எதிர்முனையில் ஷர்மிளா பானு சொல்வதை டாக்டர் இரண்டு நிமிடம் கேட்டாள். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இவரைச் சூடாக்கணும். இங்க ஏசிதான் இருக்கு, ஹீட்டர் எவன் வாங்கி வச்சிருக்கான்" என்றாள். அடுத்த நொடியே, "சிஸ்டர், லேபர் வார்டுல வார்மர் எத்தனை ஓடுது?" என்று கத்தினாள்.

"ரெண்டு காலியா இருக்கு டாக்டர். ஆனா ஆம்பளைய எப்படி உள்ள விடுறது?"

"ஆளை உள்ள விட வேண்டாம். மெஷினை வெளிய தள்ளிட்டு வாங்க."

பிறந்த குழந்தைகளைக் கிடத்தி மேலே கம்பிச் சூடு காட்டுகிற பெட்டிகள் அவை. இரண்டையும் வராந்தாவுக்கு உருட்டி வந்து, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக நிறுத்தினார்கள். ஆறடி உயர மனிதன் நடுவில் முட்டியை மடக்கிப் படுத்துக் கிடந்தான். பெட்டியின் பக்கவாட்டில் யானைக்குட்டி படம் ஒட்டியிருந்தது. காளீஸ்வரி அந்த யானைக்குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நூறைத் தாண்டியபோது பூமிராஜ் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். டாக்டர் அவள் தோளைத் தொட்டு, "நடுங்குறது நல்லதும்மா" என்றாள். பிறகு, "நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

*

பத்து நாள் கழித்து இருவரும் ராமநாதபுரம் கிளினிக்குக்குப் போனார்கள். கூடத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை பெஞ்சு. ஒன்றில் புதிதாகப் போகிறவர்கள், மின்விசிறிக்குக் கீழே வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றில் திரும்பி வந்தவர்கள், ஸ்வெட்டரும் குல்லாயுமாக. அவர்களுக்கு மேலே இருந்த மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

போகிறவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒருவன் ஊரில் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது என்றான். ஒருவன் தங்கச்சிக்குப் பேசி முடித்திருக்கிறது என்றான். படித்த பையன்போல இருந்த ஒருவன், "சும்மாதாண்ணே. ஊர் பிடிக்கல" என்றான். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பூமிராஜை ரத்தம் எடுக்க உள்ளே அழைத்துப்போனார்கள். காளீஸ்வரி ஷர்மிளா பானுவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், மாற்று ஊசி போட்டு நாலு மாசமாகப் போகுது. ஒரு புள்ளி எறங்கல. ஊசியில ஏதும் கோளாறா?"

ஷர்மிளா பானு கணினியைப் பார்த்தாள். கீழே தள்ளிப் பார்த்தாள். "மாற்று ஊசி போட்டதா இதுல இல்லையேம்மா."

"அங்கனயே போட்டாகளாம்."

"எங்க போட்டாலும் இதுல ஏறிரும்." ஷர்மிளா பானு தயங்கினாள். "உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? மாற்று ஊசி நாலு வருசத்துக்குள்ள போட்டாத்தான் பிடிக்கும். அதுக்கு மேல உடம்பு அந்தச் சூட்டையே சொந்தமா எடுத்துக்கும். நாலாவது வருசம் முடியுறப்ப எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிருவாங்க. ஊருக்குப் போறதுன்னா இப்பவே போயிருங்க, இருக்கிறதுன்னா இனி மாத்த முடியாதுன்னு. அவங்கவங்க மொழியில சொல்லி, கையெழுத்து வாங்கி, வீடியோவும் எடுத்து வச்சிருவாங்க. நாளைக்கு யாரும் கேஸ் போடக் கூடாதுல்ல."

"எங்க வீட்டுக்காரர் வீடியோவும் இருக்கா?"

"நான் காட்டக் கூடாதும்மா."

"நீங்கதான் சிஸ்டர் அவருக்கு ஊசி போட்டீங்க. திருப்பிரலாம்னு எனக்குச் சொன்னதும் நீங்கதான்."

ஷர்மிளா பானுவின் முகம் சுருங்கியது. "அப்ப எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்றாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து திரையை இவள் பக்கம் திருப்பினாள்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் பூமிராஜ் உட்கார்ந்திருந்தான். இப்போதைவிட இளைய முகம். ஒரு பெண் குரல் தமிழில் கேட்டது. 'இனி மாற்ற முடியாது என்பது உங்களுக்குப் புரிகிறதா?' 'புரியுது.' 'யாராவது வற்புறுத்துகிறார்களா?' 'இல்ல.' 'தொடர்ந்து இருக்க விரும்புவதற்குக் காரணம்?'

பூமிராஜ் மேலே பார்த்தான். லேசாகச் சிரிப்பதுபோல இருந்தது. சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

'குடும்பத்துக்காக' என்றான்.

காளீஸ்வரி அதை இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தாள். நாலாவது வருட முடிவில் வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சியாயிற்று. அவளுக்கு சூப்பர்வைசர் வேலையும் கிடைத்திருந்தது. போதும், வந்துவிடுங்கள் என்று அவளே ஃபோனில் சொன்னாள். கம்பெனி விடமாட்டேன் என்கிறது என்றான் அவன். அவள் அன்று முழுக்க அந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தாள்.

"மாத்த முடியாதவங்களுக்கு அந்த நாட்டுல நிரந்தர அனுமதி குடுக்குறாங்கம்மா" என்றாள் ஷர்மிளா பானு. "இந்தக் குளிர் காலத்துல மட்டும் இங்க இருந்து பத்துப் பேர் திரும்பிப் போயிட்டாங்க. பொண்டாட்டியும் போலாம், ஊசி போட்டுக்கிட்டா. பதினெட்டு வயசுக்குக் கீழ பிள்ளைகளுக்கு ஊசி கிடையாது."

*

வீட்டுக்கு வந்து, இனியா பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பின்பக்கம் போனாள். கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற சிவப்பு பல்புகளில் நான்கை வாங்கித் தகரக் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பூமிராஜ் உட்கார்ந்திருந்தான்.

"வீடியோ பாத்தேன்" என்றாள்.

அவன் தலை நிமிரவில்லை.

"யார் கேட்டா குடும்பத்துக்காகன்னு? நான் கேட்டனா? உன் மக கேட்டாளா?" நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. "வந்துருன்னு நான் சொன்னேன். கம்பெனி விடலைன்னு பொய் சொன்ன. ஊசி போட்டாச்சுன்னு பொய் சொன்ன. தெனம் அந்தக் கண்ணாடிக் குச்சிய வச்சுக்கிட்டு நான் பைத்தியக்காரி மாதிரிப் பாத்துக்கிட்டு இருந்தேன். எதுக்கு இருந்த? அங்க வேற யாரும் இருக்காளா?"

"ச்சீ. இல்ல புள்ள."

"அப்ப எதுக்கு?"

அவன் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சொன்னாச் சிரிப்ப."

"சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்?"

"அங்க மத்தியானத்துல ஒரு ஆள் வெளிய வர மாட்டான் காளி. வரவும் முடியாது. எல்லாரும் கண்ணாடிக்கு அங்கிட்டு. அந்த நாட்டுப் பணக்காரன், போலீஸ்காரன், வெள்ளைக்காரன் எல்லாம் உள்ள. பத்து மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஊரு எங்களுக்குத்தான். பைப்பு பாக்குறது, சோலார் தகடு கழுவுறது, ரோடு போடுறது. சாப்பாட்டு நேரத்துல எட்டு வண்டி போற ரோட்டுக்கு நடுவுல பேப்பரை விரிச்சு உக்காந்து சாப்பிடுவோம். நடு ரோட்டுல. ஒரு நேபாளி, ஒரு பாகிஸ்தான்காரன், பீகார்க்காரன் ரெண்டு பேரு, நான். ஒருத்தர் டப்பாவுல ஒருத்தர் கையை விட்டுத் திம்போம். அரண்மனைக்கு முன்னால பெரிய மைதானம் இருக்கு. அதுல கபடி ஆடியிருக்கேன். கண்ணாடிக்குப் பின்னால நின்னு சின்னப் பிள்ளைக வேடிக்கை பாக்கும், கை ஆட்டும்."

அவன் குரலில் வந்த தெளிவு அவளுக்குப் புதிதாக இருந்தது. இந்த நாலு மாதத்தில் இவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"நீ எந்தத் தெருன்னு அங்க ஒருத்தன் கேக்கல. ஏழு வருசத்துல ஒருத்தன்கூட. நாலாவது வருசம் கூப்பிட்டுக் கேட்டப்ப, நான் இங்க பஸ்ஸை விட்டு எறங்குறதை நெனச்சுப் பாத்தேன். எறங்குனதும் கால் தானா ஓரத்துக்குப் போகும். கருணாகரன் வண்டி வந்தா நிக்கும். துண்டு தானா கைக்கு வரும். அதை நெனச்சதும் கையெழுத்துப் போட்டுட்டேன். வேற ஒண்ணும் யோசிக்கல."

"அப்ப எதுக்கு வந்த?"

"உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்போல இருந்துச்சு. அதுவும் நெசந்தான். எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. காளீஸ்வரி பல்புகளில் ஒன்று அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்தாள். அவளுடைய கோபம் போய்விடவில்லை. ஆனால் அது முன்பு நின்ற இடத்தில் இல்லை.

"நானும் இந்த ஊர்லதான் ஓரமா நடந்தேன்" என்றாள். "ஏழு வருசம். உன் மகளையும் கையில பிடிச்சுக்கிட்டு. எனக்கு எந்த ஊசி போட்ட?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு இனியாவை அழைத்துவரப் போனாள்.

*

மார்கழிப் பனியில் இரண்டாவது தடவை அவனை அந்த வராந்தாவில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை அவர்கள் போய் இறங்கியதுமே டாக்டர் வார்மரை உருட்டச் சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்து வந்தால் என்ன செய்வது என்று டாக்டரே கேட்டாள்.

போகிறேன் என்று அவனாகச் சொல்லவில்லை. காளீஸ்வரிதான் கிளினிக்கிலிருந்து விண்ணப்பத்தை வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீயும் வந்துரு காளி" என்றான். "மூணு ஊசிதான். அந்தத் தெருவுல நீயும் நடக்கலாம்."

அவள் அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. மூன்று நாள் இறால் மேசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே நினைத்தாள். நடு ரோட்டில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருக்கும் தன்னை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளை. அப்புறம் எட்டு வருடம் இனியா யாருடைய வீட்டில் வளர்வாள் என்பதை. இனியா பதினெட்டு வயதில் ஊசி போட்டுக்கொண்டு வந்து சேர்வதை.

நாலாம் நாள் சாயங்காலம், விறைத்த கைகளை அவன் கைகளுக்குள் விட்டுக்கொண்டு சொன்னாள்.

"நான் வரல மச்சான். இனியாவுக்காகன்னு சொல்ல மாட்டேன், நீங்க சொன்ன மாதிரி. எனக்கே இங்கதான் இருக்கணும். அந்த மேசையில நாப்பது பேர் என்னைப் பாத்து எந்திரிச்சு நிக்கிறாளுக. மேனேஜர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல, மேடம்னுதான் கூப்பிடுறாரு. நான் சண்டை போட்டு வாங்குன இடம். அதை விட்டுட்டு வெயில்ல வந்து நிக்க எனக்கு மனசில்ல."

பூமிராஜ் தலையசைத்தான். அவள் கைகளை விடவில்லை. மனைவியின் சம்மதம் என்று இருந்த இடத்தில் அவள் அன்றே கையெழுத்துப் போட்டாள்.

தை இரண்டாம் வாரம் மதுரை விமான நிலையத்தில் அவனை வழியனுப்பினார்கள். வாசலில் இருந்த கேமரா அவன் உடம்புச் சூட்டைக் கண்டு கூவியது. முன்னால் பின்னால் நின்றவர்கள் நாலடி தள்ளிப்போனார்கள். கிளினிக் கொடுத்த அட்டையைக் காட்டிய பிறகு காவலர் உள்ளே போகச் சொன்னார். கூடத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை வீட்டார் வரலாம். தடுப்பை ஒட்டி ஒரு திரை. நாட்டை விட்டுப் போகிற ஒவ்வொருவரும் அதில் விவரம் பதிய வேண்டும்.

பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் முடிந்து 'பயணத்தின் காரணம்' என்று வந்தது. கீழே வரிசையாகக் கட்டங்கள். வேலை, படிப்பு, மருத்துவம், சுற்றுலா, உறவினரைப் பார்க்க, சொந்த ஊர் திரும்புதல். பூமிராஜின் விரல் 'வேலை' என்ற கட்டத்துக்குப் போனது.

காளீஸ்வரி தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி அந்த விரலைப் பிடித்தாள். கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடியிருப்பான்.

"அமுக்குங்க" என்றாள்.

அவன் அமுக்கினான். திரை ஒருமுறை மங்கி, நிறம் மாறித் தெளிந்தது. விருந்தாளியாக வந்து போகிற வெளிநாட்டவர்களுக்குக் காட்டுகிற பக்கம் அது. கூப்பிய கைகள் படத்துக்குக் கீழே, 'எங்கள் நாட்டில் நீங்கள் தங்கிய நாட்கள் எப்படி இருந்தன?' என்று கேட்டிருந்தது. அதற்கும் கீழே ஐந்து முகங்கள். அழுகிற முகத்தில் தொடங்கி வாய்விட்டுச் சிரிக்கிற முகம் வரை.

இனியா எட்டிப் பார்த்து, "எதைப்பா அமுக்கப் போற?" என்றாள்.

பூமிராஜ் ஐந்து முகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தான். விரலைத் தூக்கினான், அது அப்படியே நின்றது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "கொஞ்சம் சீக்கிரம் சார்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று புரியாமல் பூமிராஜ் திரும்பிப் பார்த்தான். அவனைத்தான்.

அவன் எதையும் அமுக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கேள்வி இன்னும் கொஞ்ச நேரம் திரையில் நின்றது. அடுத்தவர் வந்து தொட்டதும் அழிந்துபோயிற்று.